நாங்கள் கிமோனோ உடுத்திய நாள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்திற்குக் கீழே இரண்டு நிழற்படங்கள் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. ஒன்று 1984-ஆம் ஆண்டில் எடுத்தது. மற்றொன்று 2024-ஆம் ஆண்டில் எடுத்தது. இரண்டிலும் இருப்பவர்கள் நாங்கள் இருவருமே. ஆயினும் வீட்டிற்கு வருவோர் கண்கள் முதலில் செல்வது இரண்டாவது படத்தின்மீதுதான். பால் ஊற்ற வரும் அம்மாள் ஒரு நாள் வாசற்படியில் நின்றபடியே, "டீச்சர், இது எந்த நாடகத்துல எடுத்தது?" என்று கேட்டார். வீடு மந்திரிக்க வந்த பங்குத் தந்தையோ தீர்த்தம் தெளிப்பதை ஒரு கணம் நிறுத்திவிட்டுப் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லி அலுத்துப் போனதால் எழுதிவிடுவதே நல்லது என்று அமர்ந்தோம்.

நாங்கள் கணவனும் மனைவியும். இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். டி. கல்லுப்பட்டியில் எங்களுக்கு வீடும், ஊருக்கு வெளியே சிறிது கரிசல் நிலமும் உண்டு. இக்கட்டுரையை எழுதியவர் யார் என்று வாசகர்கள் கேட்க வேண்டா. ஒருவர் எழுதிய வரியை மற்றவர் அடித்துத் திருத்தி எழுதியதே இது. எங்களுள் ஒருவரை மட்டும் குறிக்க வேண்டிய இடத்தில் வேட்டிக்காரர் என்றும் சேலைக்காரர் என்றும் எழுதுகிறோம். உடையைப் பற்றிய கட்டுரைக்கு இப்பெயர்களே பொருத்தம் எனத் தோன்றிற்று.

முதற்படத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். திருமணம் முடிந்த மறுவாரம் பேருந்தேறி மதுரைக்குச் சென்று, பெரியார் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு ஸ்டுடியோவில் அப்படத்தை எடுத்துக்கொண்டோம். அக்காலத்து ஸ்டுடியோக்களில் ஒரு கோட்டும் ஒரு டையும் சுவரில் தொங்கும் என்பதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரே கோட்டு ஊரிலுள்ள மாப்பிள்ளைகள் அனைவருக்கும் பொது. வேட்டிக்காரருக்கு அது இரண்டு ஆள் அளவு பெரிதாயிருந்தது. படம் எடுப்பவர் முதுகுப்புறத் துணியை மடித்து, துணி உலர்த்தும் கிளிப்புகள் நான்கினால் இறுக்கினார். டையோ முடிச்சுப் போட்டே வைத்திருந்தது. கழுத்தில் ரப்பர் நாடாவால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மார்பளவுப் படமாகையால் கீழே கட்டியிருந்த வேட்டி தெரியவில்லை. பின்னாலிருந்த திரையில் ஓர் ஏரியும் அன்னப்பறவைகளும் மாளிகைப் படிக்கட்டும் தீட்டப்பட்டிருந்தன. ஆக, எங்கள் இல்லற வாழ்வின் முதற்படமே இரவல் உடையில், அயல்நாட்டு வேடத்தில் எடுத்ததுதான். அது அன்று யாருக்கும் வேடமாகத் தோன்றவில்லை.

சேலைக்காரர் அப்படத்தில் கோயிலில் உடுத்திய வெள்ளைப் பட்டுச் சேலையுடன் இருக்கிறார். அந்த வெள்ளைக்கும் ஒரு கதை உண்டு. அவருடைய பாட்டி, கிறித்தவ வாழ்வில் ஊறியவரேயாயினும், "கலியாணத்துக்கு வெள்ளையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாராம். நிறங்களுக்கு நாம் ஏற்றி வைத்திருக்கும் பொருள் எளிதில் இறங்குவதில்லை. இதைப் பின்னால் நாங்களே அனுபவிக்க நேர்ந்தது.

இனிச் சொல்ல வேண்டியது எங்கள் பிழையைப் பற்றியது. எங்கள் ஒரே மகன் பொறியியல் படித்துச் சென்னையில் பணியாற்றி, பின்பு டோக்கியோ நகருக்குச் சென்றான். அங்கே உடன் பணிபுரிந்த ஒரு பெண்ணை மணக்க விரும்புவதாக 2017-ஆம் ஆண்டு இறுதியில் தொலைபேசியில் தெரிவித்தான். பெண் கியோத்தோ நகரத்தவள், ஞானஸ்நானம் பெறாதவள். ஆயரின் முறையான அனுமதி பெற்றுக் கோயிலிலேயே திருமணம் நடைபெறும் என்றும், பிள்ளைகளைத் திருச்சபையிலேயே வளர்ப்பதாக வாக்களித்திருப்பதாகவும் சொன்னான். அவன் எங்களுக்கு ஆறு மாத அவகாசம் தந்தான். கடவுச்சீட்டு எடுக்க அது தாராளமாகப் போதும். ஆயினும், கடவுச்சீட்டு வந்து சேரவில்லை என்று சொல்லி நாங்கள் போகாமல் இருந்துவிட்டோம். உண்மையில் நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. கோயில் வாசலில் நால்வர் கேட்டால் என்ன சொல்வது என்ற அச்சமும், எங்களைக் கேளாமல் முடிவு செய்தானே என்ற சினமும் எங்களைத் தடுத்தன. சினம் வேட்டிக்காரருடையது, அச்சம் சேலைக்காரருடையது என்று இப்போது பிரித்துச் சொல்லிக்கொள்கிறோம். அன்று இரண்டும் இருவரிடமும் இருந்தன.

2018-ஆம் ஆண்டு கோடையில் அத்திருமணம் நடந்தது. சில வாரங்களில் தடித்த அட்டை உறையில் ஒரு படம் வந்து சேர்ந்தது. ஜப்பானியத் திருமணங்களில் இரு குடும்பத்தாரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் படம் மிக ஒழுங்கானது. நடுவில் மணமக்கள், ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், மறுபக்கம் பெண் வீட்டார், தராசுத் தட்டுகளைப் போல இரண்டும் சமமாக அமையும். அந்தப் படத்தில் பெண் வீட்டார் வரிசை நிறைந்திருந்தது. எங்கள் மகன் பக்கத்தில் அவனுடைய நண்பர்கள் சிலர் பின்னால் நின்றனர். முன்வரிசையின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. படம் எடுத்தவர் அவற்றை அகற்ற மறந்திருப்பார் என்று முதலில் எண்ணினோம். அகற்ற வேண்டாம் என்று சொன்னவன் எங்கள் மகன்தான் என்று பின்னர் அறிந்தோம்.

அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினோம்.

மறு ஆண்டு பேத்தி பிறந்தாள். குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் கண்டதும் எங்கள் வீறாப்பு தளர்ந்தது. கடவுச்சீட்டுக்கு அப்போதுதான் விண்ணப்பித்தோம். ஆனால் நாங்கள் புறப்பட ஆயத்தமானபோது உலகமே கதவடைத்துக்கொண்டது. கொரோனாவுக்கு அஞ்சி 2020-ஆம் ஆண்டில் எல்லையை மூடிய ஜப்பான், வெளிநாட்டுப் பயணிகள் தனித்தனியே வந்து போவதற்கு 2022 அக்டோபரில்தான் மீண்டும் வழிவிட்டது. அதன்பின் சேலைக்காரரின் முழங்கால் ஓராண்டைத் தின்றது. ஒருவாறாக 2024 நவம்பரில் விமானம் ஏறினோம். எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு அது.

டோக்கியோவைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மகன் குடியிருக்கும் நிஷி கசாய் என்னும் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் மிகுதி. இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அங்கே குறைவில்லை. எங்கள் மருமகள் "வாங்க அத்தை, வாங்க மாமா" என்று தமிழில் அழைத்தாள். அந்த நான்கு சொற்களை அவள் ஆறு ஆண்டுகளாகப் பழகி வைத்திருந்தாளாம். நாங்கள் பதில் சொல்லத் தடுமாறினோம்.

ஒரு வாரம் கழித்துச் சம்பந்தி வீட்டைக் காணக் கியோத்தோவுக்கு விரைவு இரயிலில் சென்றோம். இரண்டேகால் மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. சம்பந்தி அம்மாள் தனியே வாழ்கிறார். அவருடைய கணவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். நாங்கள் அவரைச் சந்திக்கவே இல்லை. காலியாயிருந்த நாற்காலிகளுக்கு எதிர்ப்புறம் நிமிர்ந்து அமர்ந்திருந்த ஒரு பெரியவராக மட்டுமே எங்களுக்கு அவரைத் தெரியும். இதுவும் எங்கள் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

நாங்கள் எடுத்துச் சென்ற பரிசு ஒரு சிவப்புச் சுங்குடிச் சேலை. மதுரைச் சுங்குடி இக்காலத்தில் பெரும்பாலும் அச்சிட்டே வருகிறது. கையால் முடிச்சிட்ட சேலைக்காக நாங்கள் சில நாள் அலைந்தோம். மதுரையில் வாழும் சௌராட்டிரப் பெருமக்களின் கைவேலை அது. 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. துணியைச் சிறுசிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து, நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் தோய்த்து, பின்பு முடிச்சை அவிழ்த்தால் கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெண்புள்ளியாக நிற்கும். சம்பந்தி அம்மாள் அந்தச் சேலையை வைக்கோற்பாய் விரித்த தரையில் பரப்பி, மண்டியிட்டு, ஒரு புள்ளியை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். சற்றும் பேசாமல் எழுந்து உள்ளே சென்று ஒரு சிறு பட்டுத் துண்டுடன் திரும்பினார். அதிலும் நெருக்கமான புள்ளிகள். அதே முடிச்சு வேலை! கியோத்தோவில் அதற்குக் கனோகோ என்று பெயர். மான்குட்டி என்று பொருளாம். அதன் முதுகுப் புள்ளிகளைப் போலிருப்பதால் வந்த பெயர். இரு பெண்களும் நெடுநேரம் அந்த இரண்டு துணிகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மருமகள் மொழிபெயர்க்க வந்தபோது இருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

அன்றிரவு மகன் ஒரு செய்தி சொன்னான். எங்கள் நாற்பதாம் ஆண்டை முன்னிட்டு மறுநாள் ஒரு ஸ்டுடியோவில் இருவருக்கும் ஜப்பானிய மரபு உடை அணிவித்துப் படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறானாம். கியோத்தோ வீதிகளில் வாடகைக் கிமோனோவுடன் உலவும் வெளிநாட்டினரை நாங்கள் கண்டிருந்தோம். வேட்டிக்காரர் மறுத்தார். "நான் என்ன மாறுவேடப் போட்டிக்கா வந்தேன்?" என்றார். மகன் வாதாடவில்லை. "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டான். அந்தச் சொல்லும் அவன் முகமும் 2018-ஆம் ஆண்டின் ஒரு தொலைபேசி உரையாடலை எங்கள் இருவருக்கும் நினைவூட்டின.

உறக்கம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். உடை என்பது அற்பப் பொருளா? எங்கள் மதுரைச் சீமையில் அப்படிச் சொல்ல முடியாது. மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்த காந்தியடிகள், 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் தம் பழைய உடையை நீக்கி அரையாடை பூண்டது இம்மண்ணில்தான். எங்கள் கல்லுப்பட்டியில் 1940-ஆம் ஆண்டு தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஜே. சி. குமரப்பா, இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். மேலை உடையில் வாழ்ந்து பின்பு கதருக்கு மாறிய கிறித்தவர். அவர் 1950-களின் தொடக்கத்தில் ஜப்பானுக்கே சென்று, அந்நாட்டு உழவையும் குடிசைத் தொழில்களையும் கண்டு அறிக்கை எழுதினார். இன்னும் பின்னோக்கிப் போனால், 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காவியும் பாதக்குறடும் தரித்தார். அது வேடமா, அன்பா என்று ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 1623-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் வழிக்கு இசைவு தந்தபின்தான் அது அடங்கிற்று. அண்மைக் காலத்திலும், வேட்டி கட்டியவர்களைச் சில மனமகிழ் மன்றங்கள் வாசலில் தடுத்ததால் 2014-ஆம் ஆண்டில் நம் சட்டமன்றம் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது.

அன்றைய ஞாயிறு நாங்கள் திருப்பலி கண்டது கவாராமாச்சியிலுள்ள பேராலயத்தில். அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர் தாங்கியது. நம் முத்துக்குளித்துறையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் குழந்தைகளை அழைத்த அதே சவேரியார்தாம் 1549-ஆம் ஆண்டு ஜப்பான் மண்ணில் இறங்கினார். 1551-ஆம் ஆண்டு சனவரியில், பனியில் நடந்து, கியோத்தோவிற்கு வந்தார். பேரரசரைக் காண முயன்றார், முடியவில்லை. கந்தல் உடையும் வெறுங்கையுமாக வந்தவரை யாரும் பொருட்படுத்தவில்லை. பதினொரு நாளில் திரும்பினார். அதன்பின் அவர் செய்ததுதான் எங்களை அன்றிரவு எண்ண வைத்தது. ஏழ்மை உடையே துறவிக்கு அழகு என்று வாழ்ந்த அம்மகான், யமாகுச்சி நகரின் தலைவரைக் காணச் செல்கையில் நல்லுடை தரித்து, கடிகாரம் முதலிய பரிசுகளை ஏந்திச் சென்றார். போதிக்க அனுமதியும் தங்க ஒரு மடமும் கிடைத்தன. தமக்குப் பிடித்த உடையை அவர் பிறர்பொருட்டு விட்டுக்கொடுத்தார்.

இவ்வளவு பெரியவர்களை எங்கள் புகைப்பட விவகாரத்துக்குள் இழுத்தது சற்று மிகை என்பது எங்களுக்கே தெரியும். சேலைக்காரர் அப்போதே சொன்னார்: "சவேரியார் வரைக்கும் போக வேண்டாங்க. அந்த ஸ்டுடியோக் கோட்டைப் போட்டுக்கிட்டப்ப இந்த யோசனை எல்லாம் எங்கே போச்சு?" வேட்டிக்காரரிடம் அதற்கு விடை இல்லை. காலையில் மகனிடம் வருவதாகச் சொன்னார்.

ஸ்டுடியோவிற்குச் சம்பந்தி அம்மாளும் வந்தார். கையில் ஒரு நீண்ட காகிதப் பொதி. அதை அவிழ்த்தபோது கரிய பட்டுக் கிமோனோ ஒன்று வெளிப்பட்டது. மணமான பெண்கள், சிறப்பாக மணமக்களின் தாய்மார்கள், திருமணத்தன்று உடுத்தும் உயர்ந்த உடை இதுவே, குரோதோமேசோதே என்பர். உடல் முழுதும் கறுப்பு. கீழ் விளிம்பில் மட்டும் பைன் மரங்களும் பறக்கும் நாரைகளும் பொன்னிறத்தில். மார்பில் இரண்டு, கைகளில் இரண்டு, முதுகில் ஒன்று என ஐந்து வெள்ளைக் குலச் சின்னங்கள். துக்கத்திற்கு உடுத்துவதும் ஐந்து சின்னம் கொண்ட கறுப்புக் கிமோனோதான். ஆனால் அதில் பூவேலை ஏதும் இராது. ஒரு விளிம்புச் சித்திரத்தில் மங்கலமும் அமங்கலமும் பிரிகின்றன!

சேலைக்காரர் கறுப்பைக் கண்டு பின்வாங்கினார். "கலியாண நாள் படத்துக்குக் கறுப்பா?" என்று அவர் கேட்டபோது, பாட்டியின் குரல் அவர் வாயிலிருந்து வருவதை இருவரும் உணர்ந்து சிரித்துவிட்டோம். மருமகள் மெல்லிய குரலில், "அத்தை, எங்க கலியாணத்துல அம்மா கட்டினது இதுதான்" என்றாள். அதற்குமேல் சேலைக்காரர் மறுத்துப் பேசவில்லை.

உடுத்தும் வேலை ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடித்தது. அதற்கென்றே பயின்ற மூதாட்டி ஒருவர் இருந்தார். கிமோனோவைப் பற்றி நாங்கள் கற்றதைச் சொல்கிறோம். சுமார் 12 மீட்டர் நீளமும் ஒரு முழத்திற்கும் குறைந்த அகலமும் உள்ள ஒரே பட்டுச் சுருளை எட்டுத் துண்டுகளாக நேர்கோட்டிலேயே வெட்டித் தைப்பது அது. வளைவு வெட்டு ஏறக்குறைய இல்லை; துணி வீணாவதில்லை. தையலைப் பிரித்தால் துண்டுகள் மீண்டும் ஒரே நீளத் துணியாகச் சேரும். அப்படியே பிரித்து, அலசி, சாயம் ஏற்றி, மகளுக்காகத் திரும்பத் தைப்பார்களாம். பொத்தானோ கொக்கியோ கிடையாது. வேட்டி கட்டியும் சேலை உடுத்தியும் பழகிய எங்களுக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. கயிறு கட்டுவதிலும் மடிப்பு அமைப்பதிலும்தானே எல்லாம் நிற்கிறது! சேலைக்கு உயரத்தைக் கொசுவத்தில் சரி செய்வதுபோல, பெண்கள் கிமோனோவின் மிகை நீளத்தை இடுப்பில் மடித்துக் கட்டுகிறார்கள். ஆகவே ஒருவர் உடையை மற்றவர் அணிவது எளிது. உடல் நேராகத் தெரிய வேண்டுமென்று இடையின் குழிவில் துண்டுத் துணிகளை வைத்து நிரப்புவது வழக்கம். மூதாட்டி துண்டை எடுத்தார்; சேலைக்காரரின் இடையைப் பார்த்தார்; திரும்ப வைத்துவிட்டார். நிரப்ப வேண்டிய குழிவு அங்கே இல்லை.

முக்கியமான விதி ஒன்றுண்டு. உடுத்துபவரின் இடப்பக்கத் துணிதான் எப்போதும் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்க்கு உடுத்தும் முறை. மூதாட்டி இதைத் தம் கையால் இரண்டு முறை தொட்டுக் காட்டினார்.

அடுத்து வந்ததுதான் சோதனை. கழுத்திலுள்ள சங்கிலியைக் கழற்றும்படி அவர் சைகை செய்தார். கிமோனோவிற்குக் கழுத்தணி பூணும் வழக்கம் இல்லை; உலோகம் பட்டால் பட்டு இழை பிரிந்துவிடும் என்ற கவலையும் உண்டு. அவர் கேட்டது முறைதான். ஆனால் அது தாலிச் சங்கிலி. சிலுவை பதித்த தாலி. 1984-ஆம் ஆண்டு பீடத்தின் முன் ஏறியது, அறுவைச் சிகிச்சை ஒன்றின்போது தவிர, கழுத்தை விட்டு இறங்கியதில்லை. சேலைக்காரர் அதைக் கையால் பொத்திக்கொண்டார். மருமகளுக்குத் தாலி இன்னதென்று தெரியும். அவள் ஜப்பானிய மொழியில் ஏதோ விரைந்து சொன்னாள். மூதாட்டி தயங்கினார். திரைக்கு அப்பாலிருந்த வேட்டிக்காரர், "வேண்டாம், நிறுத்திவிடுவோம்" என்று குரல் கொடுத்தார்.

அப்போது சம்பந்தி அம்மாள் முன்னே வந்தார். முந்தின நாள் எங்களுக்குக் காட்டிய அதே புள்ளிப் பட்டுத் துண்டைத் தம் பையிலிருந்து எடுத்தார். சேலைக்காரரின் கையை மெல்ல விலக்கி, தாலியை அந்தத் துண்டில் சுருட்டி, உள்ளாடையின் மடிப்புக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்தார். பின்கழுத்தில் சங்கிலி தெரியாதபடி காலரைச் சற்று மேலே ஏற்றுமாறு மூதாட்டியிடம் சொன்னார். வயது முதிர்ந்தவர்கள் காலரை அதிகம் பின்னுக்கு இழுத்து உடுத்துவதில்லை என்பதால் அதிலும் குற்றம் காண வழியில்லை. எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. அவருடைய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தம் கணவரை இழந்த பெண் அவர்.

சேலைக்காரர் தமிழிலேயே சொன்னார்: "அன்னைக்கே நாங்க வந்திருக்கணும், சம்பந்தி." மருமகள் மொழிபெயர்க்க வாயெடுத்தாள். சம்பந்தி அம்மாள் தலையசைத்து அவளைத் தடுத்துவிட்டு, காலரை இன்னொரு முறை நேராக்கினார்.

நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓபி என்னும் கச்சையைச் சுற்றி, முதுகில் இரட்டை மடிப்பு முரசைப்போல் முடிச்சிட்டார்கள். மங்கலம் இரட்டிக்க வேண்டும் என்பதால் மடிப்பு இரட்டையாம். வெண்ணிறத் தாபி, அதாவது பெருவிரல் தனியே பிரிந்த காலுறை. அதற்குமேல் ஜோரி என்னும் செருப்பு. சேலைக்காரர் எழுந்து நான்கு அடி நடந்ததும், "கொசுவம் அவிழாத சேலை இது" என்று சான்று அளித்தார். மூச்சு விடுவது மட்டும் சற்றுக் கடினம் என்று பின்னர் திருத்திக்கொண்டார்.

வேட்டிக்காரரின் உடை வாடகைக்கு எடுத்தது. கரிய கிமோனோ, அதன்மேல் ஹவோரி என்னும் மேலங்கி, இடுப்பில் ஹகாமா என்னும் மடிப்புகள் நிறைந்த அகன்ற கீழாடை, கையில் ஒரு வெள்ளை விசிறி. ஹகாமாவைக் கட்டும்போது அவருக்குப் பஞ்சகச்சத்தின் நினைவு வந்ததாம். ஆண்களுக்குக் கச்சையைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவார்கள். தொப்பை இருந்தால்தான் உடை நன்றாக நிற்கும் என்று உதவியாளர் சொன்னபோது அவருக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. வாடகை உடையிலிருந்த சின்னம் யாரும் அணியத்தக்க பொதுச் சின்னம். சேலைக்காரர் அணிந்திருந்ததோ ஒரு குடும்பத்துக்கே உரியது: ஒரு கொடியின் இலை. கியோத்தோப் பக்கத்தில் பெண்களின் சின்னம் தாயிடமிருந்து மகளுக்கு வருவதாம். சம்பந்தி அம்மாளின் பாட்டி அணிந்த இலை அது. எங்கள் பேத்தியையும் ஒரு நாள் சேரும்.

ஜப்பானில் புகைப்படக் கலை வேரூன்றிய காலத்தில், 1862-ஆம் ஆண்டளவில், நாகசாகியில் ஊவேனோ ஹிகோமா என்பவரும் யோகோஹாமாவில் ஷிமோஓகா ரென்ஜோ என்பவரும் படப்பிடிப்பு நிலையங்களைத் திறந்தனர். படம் எடுத்தால் உயிர் குறையும் என்று அன்று அங்கே பலர் அஞ்சினராம். எங்கள் ஊர்க் கிழவிகள் சொன்னதும் அதுவே. அடுத்த பத்தாண்டிற்குள், 1872-இல், அரசு விழாக்களுக்கு மேலை உடையே உரியது என்று அந்நாட்டு அரசு ஆணையிட்டது. இன்று கிமோனோ அங்கே திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. மகனின் அலுவலகத்தில் அதை உடுத்தி வருவோர் யாரும் இல்லையாம். வேட்டியின் கதையை நாம் அங்கே போய்க் கேட்க வேண்டியதில்லை.

படம் எடுக்கும் அறையில் பின்திரை வெறும் சாம்பல் நிறம், அன்னப்பறவை இல்லை. இளைஞரான படக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒருவர் அமர மற்றவர் நிற்பது மரபு என்று விளக்கினார். அப்போது எங்கள் மகன் எதுவும் சொல்லாமல் அறையின் மூலையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து முதல் நாற்காலியின் அருகில் வைத்தான். படக்காரர் ஏதோ கேட்டார். மருமகள் பதில் சொன்னாள். அவர் எங்களுக்கு வணக்கம் செய்துவிட்டு இரண்டு நாற்காலிகளையும் அளந்து நேராக்கினார்.

நாங்கள் அமர்ந்தோம். முதுகு முடிச்சு நசுங்காதபடி நாற்காலியின் முன்விளிம்பில்தான் அமர வேண்டும், சாய முடியாது. சேலைக்காரர் பாதங்களைச் சற்று உள்நோக்கிச் சேர்த்தும், வேட்டிக்காரர் அகல வைத்தும் அமர வேண்டுமாம். முகவாயை உள்ளிழுக்கச் சொன்னார்கள். மகன் கருவிக்குப் பின்னால் நின்றான். அவனைப் பார்க்காமல் கண்ணாடி வில்லையைப் பார்ப்பது எளிதாக இல்லை. படத்தில் சேலைக்காரரின் கண்கள் பளபளப்பதை விளக்கு வெளிச்சத்தின் விளைவு என்று வருவோரிடம் சொல்லி வருகிறோம்.

பேத்தி மட்டும் எங்களை அடையாளம் தெரியாமல் தாயின் பின்னே ஒளிந்தாள். பின்பு மெல்ல வந்து, சேலைக்காரரின் கைப்பக்கத்து இலைச் சின்னத்தைத் தொட்டு, "பாட்டி" என்றாள். இரண்டு பாட்டிமாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்து படத்தைச் சட்டமிட்டு மாட்டியதும், பீரோவைத் திறந்து சேலைகளுக்கு அடியிலிருந்த அந்தப் பழைய உறையை எடுத்தோம். நாசரேத்தூர் மங்கள வார்த்தைப் பேராலயத்தில் ஜப்பானியர் அளித்த மாதா படம் ஒன்று உண்டு. அன்னை கிமோனோவில் நிற்கிறார், கைப்பகுதி முழுதும் முத்துக்கள். வேளாங்கண்ணியில் சேலை உடுத்தி நிற்கும் அன்னையைக் கும்பிட்டு வளர்ந்த நாங்கள், மருமகள் வீட்டாரை அந்நியர் என்று ஆறு ஆண்டுகள் எண்ணியிருந்ததை நினைத்துக்கொண்டே திருமங்கலத்துக்குப் பேருந்து ஏறினோம்.

சட்டம் போடும் கடைக்காரர் அந்தத் திருமணப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சார், இந்த ஓரத்துல ரெண்டு காலி நாற்காலிதானே இருக்கு. வெட்டிட்டா படம் கச்சிதமா இருக்கும். வெட்டிரவா?" என்றார்.

வெட்ட வேண்டாம் என்றோம். அடுத்த வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆணி அடித்தாகிவிட்டது.